நெடுந்தூர ரைஃபிள் ஸ்கோப்: எத்தனை மடங்கு வாங்குவது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் எஃப் கிளாஸ் சுடுகிறவன் நான். இந்த விளையாட்டுக்குப் புதிதாக வருகிற நண்பர்கள், துப்பாக்கியைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே "ஸ்கோப் எத்தனை மடங்கு வாங்கட்டும்?" என்று கேட்டுவிடுகிறார்கள். ஸ்கோப் என்பது ரைஃபிளின் மேல் பொருத்தும் தொலைநோக்கி; அது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்ட வேண்டும் என்பதுதான் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன். 600 முதல் 1000 கெஜம் வரை, தரையில் படுத்தபடி காகித இலக்கைச் சுடுகிறவர்களுக்கானது இது. வேட்டை பற்றி இதில் எதுவும் இல்லை.

எஃப் கிளாஸ் என்றால் என்ன?

பிஸ்லி லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில் இருக்கிறது. 1859-ல் தொடங்கிய பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம், விம்பிள்டனில் நடத்திவந்த போட்டிகளை 1890-ல் இங்கே கொண்டுவந்தது. இங்குள்ள ஸ்டிக்கில்டவுன் தளத்தில் 1200 கெஜம் வரை சுடலாம். அரசர் பரிசுப் போட்டியின் இறுதிச் சுற்றில் 900, 1000 கெஜத்தில் சுடுகிறார்கள். அந்தப் போட்டியில் ரைஃபிளின் மேல் ஸ்கோப்பே கிடையாது. கண்ணருகே ஒரு சிறு துளை, குழலின் முனையில் ஒரு வளையம், அவ்வளவுதான். அந்த வளையத்துக்குள் தூரத்துக் கறுப்பு வட்டத்தை நடுவாக நிறுத்திச் சுடுகிறார்கள்.

வயது ஏற ஏற முன்வளையமும் இலக்கும் சேர்ந்து தெளிவாகத் தெரியாது. அனுபவமும் ஆசையும் இருந்தும் கண் ஒத்துழைக்காமல் பலர் ஒதுங்கிப்போனார்கள். அவர்கள் தொடர்ந்து சுட ஒரு வழி வேண்டும் என்று கனடாவின் ஜார்ஜ் ஃபார்குவர்சன் ஸ்கோப்பும் தாங்கியும் வைத்துச் சுடும் ஒரு பிரிவை உருவாக்கினார். அவர் பெயரின் முதல் எழுத்துதான் எஃப். ஸ்கோப் வைப்பதால் சுடுவது சுலபமாகிவிடக் கூடாது என்று இலக்கின் நடு வட்டங்களைப் பாதியாகச் சுருக்கினார்கள்.

இன்று இதில் இரண்டு பிரிவுகள். எஃப் டி.ஆர். பிரிவில் 308 வின்செஸ்டர் அல்லது 223 ரெமிங்டன் தோட்டா மட்டும்; பைபாட் (இரட்டைக்கால் தாங்கி), ஸ்கோப் எல்லாம் சேர்த்து 8.25 கிலோவுக்குள் இருக்க வேண்டும். எஃப் ஓப்பன் பிரிவில் 8 மி.மீ. வரை எந்தத் தோட்டாவும் ஆகும், எடை 10 கிலோ வரை போகலாம்.

இந்தக் கதையை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்த உருப்பெருக்கமும் இல்லாமல் 1000 கெஜத்தை நன்றாகச் சுடுகிற மனிதர்கள் பக்கத்துத் தளத்திலேயே இருக்கிறார்கள். மடங்கு பற்றி யோசிக்கும்போது அவர்களை மறக்க வேண்டாம்.

40 மடங்கு என்றால் உண்மையில் எவ்வளவு பெரிதாகத் தெரியும்?

முதலில் அளவுகோல். ஒரு பாகையை 60-ஆகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் எம்.ஓ.ஏ. எனப்படும் கோண அளவு. 100 கெஜத்தில் அது 1.047 அங்குலம், 1000 கெஜத்தில் 10.47 அங்குலம், அதாவது 26.6 சென்டிமீட்டர். எஃப் கிளாஸ் இலக்கில் 1000 கெஜத்துக்கான 'புல்' (bull) எனப்படும் நடு வட்டம் 10 அங்குலம். அதற்குள் இருக்கும் இன்னும் சிறிய வட்டமான வி-புல் 5 அங்குலம், கிட்டத்தட்ட அரை எம்.ஓ.ஏ.

முழு நிலா வெறும் கண்ணுக்கு ஏறத்தாழ 30 எம்.ஓ.ஏ. அகலம். ஆகவே 60 மடங்கில் பார்த்தால் 1000 கெஜத்துக்கு அப்பால் இருக்கும் அந்த 5 அங்குல வட்டம் முழு நிலா அளவுக்குத் தெரியும். 40 மடங்கில் நிலாவில் மூன்றில் இரண்டு பங்கு. 25 மடங்கில் நிலாவில் பாதிக்குச் சற்றுக் குறைவு. இரவில் நிலாவைப் பார்த்து, அதில் பாதி அளவுள்ள ஒரு வட்டத்தின் நடுவில் புள்ளி வைக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முடியும்.

1000 கெஜத்துக்குக் குறைந்தது எத்தனை மடங்கு வேண்டும்?

நல்ல கண்ணால் ஏறத்தாழ 1 எம்.ஓ.ஏ. அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்துப் பார்க்க முடியும். 25 மடங்கு ஸ்கோப் வழியாக அது 0.04 எம்.ஓ.ஏ. ஆகிறது. 1000 கெஜத்தில் அது சுமார் 1 சென்டிமீட்டர். காற்றும் கண்ணாடியும் சரியாக இருந்தால், 25 மடங்கில் குறி வைப்பதில் வரும் பிழை அந்த அளவில் இருக்கும்.

இப்போது காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 308 ரைஃபிளில் 155 கிரெயின் எடையுள்ள குண்டு, 1000 கெஜம். பக்கவாட்டில் மணிக்கு ஒரே ஒரு மைல் வேகக் காற்றை நீங்கள் தவறாகக் கணித்தால் குண்டு 8, 9 அங்குலம் தள்ளிப் போகும், அதாவது 20 சென்டிமீட்டருக்கு மேல். ஒரு பக்கம் 1 சென்டிமீட்டர், மறுபக்கம் 20 சென்டிமீட்டர். 25-லிருந்து 50 மடங்குக்குப் போனால் அந்த 1 சென்டிமீட்டர் அரையாகக் குறையலாம். 20 அப்படியேதான் இருக்கும்.

அதனால் என் பதில்: தெளிவான கண்ணாடியுள்ள 25 மடங்கு ஸ்கோப் கையில் இருந்தால் போட்டிக்கு வாருங்கள். முதல் ஆண்டில் நீங்கள் இழக்கும் புள்ளிகள் காற்றில் போகும், ஸ்கோப்பில் போகாது. புதிதாக வாங்குவதாக இருந்தால் 40 மடங்குக்கு அருகே போகக்கூடிய ஒன்றை வாங்குங்கள். நல்ல நாளில் 30-லிருந்து 45-க்குள்தான் நான் சுடுகிறேன்.

அப்படியானால் 60, 80 மடங்கு ஸ்கோப்புகளை எதற்காகச் செய்கிறார்கள்?

ஜப்பானின் மார்ச் ஸ்கோப்பில் 10 முதல் 60, 8 முதல் 80 மடங்கு வரை உண்டு. வோர்டெக்ஸ் கோல்டன் ஈகிள் 15 முதல் 60. நைட்ஃபோர்ஸ் காம்பெடிஷன் 15 முதல் 55. காலெஸ் 10 முதல் 50. இவை எல்லாம் இந்த விளையாட்டுக்கென்றே வடிவமைத்தவை, நல்ல பொருட்கள்.

குளிர்ந்த, மேகம் மூடிய காலை வேளையில் 55 மடங்கு அற்புதமாக இருக்கும். அந்த நேரத்தில் வி-புல்லின் ஓரத்தில் புள்ளியை நிறுத்தி, காற்றுக்காகக் கால் எம்.ஓ.ஏ. தள்ளிப் பிடிப்பது சுகமான வேலை. பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள், அதாவது மேசையில் வைத்து ஐந்து, பத்துக் குண்டுகளை ஒரே கூட்டமாகச் சேர்க்கப் பார்ப்பவர்கள், அதிக மடங்கைத்தான் விரும்புகிறார்கள். இந்த ஸ்கோப்புகளை வாங்க இன்னொரு நல்ல காரணமும் உண்டு: 60 வரை போகிற தரமான ஸ்கோப் 40-ல் நிதானமாக, பிரகாசமாக இருக்கும். பெரும்பாலான ஸ்கோப்புகள் தங்கள் உச்ச மடங்கில் கொஞ்சம் மங்கி, நிறம் பிரிந்து தெரியும். 40-ஐ உச்சமாகக் கொண்ட மலிவு ஸ்கோப்பின் 40-ம், 60 வரை போகும் நல்ல ஸ்கோப்பின் 40-ம் ஒன்றல்ல.

ஆனால் பெட்டியில் 60 என்று எழுதியிருப்பதால் 60-ல் சுட வேண்டும் என்பதில்லை. நான் முதலில் 60 மடங்கு வாங்கியபோது ஜூலை மாத வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, ஸ்கோப்பில் மடங்கை மாற்றும் வளையத்தை உச்சத்துக்குத் திருப்பினேன். இலக்கின் எண் பலகைகூடப் பாலில் கரைத்த மாதிரி இருந்தது. அடுத்த பாயில் இருந்த பெரியவர், தன் ரைஃபிளிலிருந்து முகத்தை எடுக்காமலே, "இருபத்தைந்துக்கு இறக்கு" என்றார். இறக்கினேன். வட்டங்கள் திரும்ப வந்தன. அன்று மாலை வரை 25-லேயே சுட்டேன்.

கானல் என்ன செய்யும்? மடங்கைக் கூட்டினால் ஏன் மோசமாகிறது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

வெயிலில் தார்ச்சாலையின் மேல் நெளிகிற காற்றைப் பார்த்திருப்பீர்கள். எரிகிற அடுப்புக்கு மேலே எதிர்ச்சுவர் ஆடுவதையும் பார்த்திருப்பீர்கள். சூடான காற்றின் அடர்த்தி குறைவு, குளிர்ந்த காற்றின் அடர்த்தி அதிகம். இரண்டும் கலந்து ஓடும்போது ஒளி அதன் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து வருகிறது. சுடுதளத்தில் 1000 கெஜம் நீளத்துக்குப் புல்லின் மேல் இப்படி ஒரு காற்றடுக்கு கிடக்கிறது. உங்கள் பார்வை முழுவதும் அதன் ஊடாகத்தான் போகிறது.

ஸ்கோப் இலக்கை மட்டும் பெரிதாக்குவதில்லை. நடுவிலுள்ள இந்த நெளிவையும் அதே அளவு பெரிதாக்குகிறது. 15 மடங்கில் வட்டத்தின் ஓரம் லேசாகத் துடிக்கும். 30-ல் அலையும். 55-ல் வட்டமே கலைந்துபோகும். காற்றில் ஏற்கெனவே தொலைந்துவிட்ட நுணுக்கத்தை எந்தக் கண்ணாடியாலும் மீட்க முடியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதுதான் நிலை. ஈ.டி. எனப்படும் சிறப்பு வகைக் கண்ணாடி நிறப்பிரிவைக் குறைத்து ஓரங்களைக் கூர்மையாகக் காட்டும், அந்த அளவுக்கு உதவும். ஆனால் வெயிலை அது நிறுத்தாது.

ஆகவே தளத்தில் செய்ய வேண்டியது இது. வளையத்தை உச்சத்துக்குத் திருப்புங்கள். பிறகு மெதுவாக இறக்குங்கள். வட்டத்தின் ஓரங்கள் ஒன்றுசேர்ந்து, "இதுதான் நடு" என்று கண் தயங்காமல் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். காலை ஒன்பது மணிக்கு அது 50 ஆக இருக்கலாம், மதியம் 22 ஆக இருக்கலாம். மேகம் சூரியனை மறைத்த சில நிமிடங்களில் மறுபடி ஏற்றலாம். போட்டிக்கு நடுவே மடங்கை மாற்ற வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. குறி வைக்கும் படம் மாறாமல் இருந்தால் மனம் நிலையாக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. சுடத் தொடங்கும் முன்பே, வெயில் இன்னும் ஏறும் என்று வைத்துக்கொண்டு ஒரு படி கீழே நிறுத்திக்கொள்வேன்.

அப்புறம், கானல் எதிரி மட்டுமல்ல. அது ஓடுகிற திசைதான் காற்றின் திசை. மெல்லிய காற்றில் அலைகள் உயரமாக, சோம்பலாக நகரும். காற்று கூடக்கூடத் தட்டையாகி வேகமாக ஓடும். மணிக்கு ஏறத்தாழ 12 மைலுக்கு மேல் அடித்தால் படுத்துவிடும், அப்போது கொடிகளைத்தான் நம்ப வேண்டும். அலைகள் எந்தப் பக்கமும் போகாமல் நேரே மேலே கொதித்தால் மிகவும் கவனம்: காற்று நின்றிருக்கிறது, அல்லது நேர் எதிரே, நேர் பின்னே இருந்து வருகிறது. எந்த நொடியும் இடமோ வலமோ திரும்பும். அந்தக் கொதிப்பில் நான் விசையைத் தொடுவதில்லை. ஏதாவது ஒரு பக்கம் ஓடத் தொடங்கும்வரை காத்திருப்பேன்.

இதைப் படிப்பதற்கும் மிக அதிக மடங்கு வேண்டாம். பக்கத்தில் தாங்கியில் வைக்கும் தொலைநோக்கியில் கானல் படிக்கிறவர்கள் பலர் 25, 30 மடங்கு வில்லையைத்தான் தேர்கிறார்கள். கோவா தொலைநோக்கியின் 27 மடங்கு வில்லை இதற்காகவே பேர்பெற்றது. தொலைநோக்கியை இலக்கில் கூர்மையாக்கிவிட்டு, பிறகு சற்று முன்னே இழுத்து வைத்தால் நடுவழியில் ஓடும் அலைகள் பளிச்சென்று தெரியும்.

இன்னொரு கானல் உங்கள் குழலிலிருந்தே வரும். இருபது குண்டுகள் சுட்டபின் சூடான குழலிலிருந்து எழும் காற்று ஸ்கோப்பின் முன்கண்ணாடிக்குக் குறுக்கே போகும். தொலைவில் இருக்கும் கானல் என்று நினைத்து ஏமாந்துவிடுவோம். குழலுக்கு மேலே நீளவாக்கில் ஒரு பட்டையான நாடாவைக் கட்டிவிட்டால் தீரும். மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல முன்னேற்றம் அது.

சுட்ட துளை ஸ்கோப்பில் தெரிய வேண்டாமா? அதற்குத்தானே அதிக மடங்கு?

1000 கெஜத்தில் தெரியாது. 308 குண்டின் துளை 7.8 மி.மீ. அகலம். அந்தத் தூரத்தில் அதன் கோண அளவு 2 விகலைக்கும் குறைவு (ஒரு எம்.ஓ.ஏ.வில் 60-ல் ஒரு பங்கு ஒரு விகலை). 56 மி.மீ. முன்கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததானாலும், ஒளியின் இயல்பால் பிரித்துக் காட்ட முடிகிற எல்லையே 2 விகலைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. பகல் வேளையில் தரையை ஒட்டிய காற்று அதைவிட மோசமாகக் கலைக்கும். 80 மடங்கில் பார்த்தால் பெரிதாக்கப்பட்ட மங்கல்தான் கிடைக்கும்.

தேவையும் இல்லை. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் குழியில் இருப்பவர்கள் இலக்கை இறக்கி, துளையில் ஒரு வட்ட அடையாளத்தைச் செருகி, மறுபடி ஏற்றுகிறார்கள். மின்னணு இலக்கு என்றால் பக்கத்திலிருக்கும் திரையில் தெரிந்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த அடையாளத்தை மட்டும்.

100, 200 கெஜத்தில் பயிற்சி செய்கிறவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே 20 மடங்கிலேயே துளைகள் தெரியும். 300 கெஜத்தில் காற்று அமைதியாக இருந்தால் 25, 30 மடங்கில் பார்க்கலாம்.

முன்கண்ணாடி பெரிதாக இருந்தால் நல்லதா?

முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணில் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 56 மி.மீ. கண்ணாடி, 10 மடங்கு என்றால் 5.6 மி.மீ. 25 மடங்கில் 2.2. 50 மடங்கில் 1.1. பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி 2, 3 மி.மீ. திறந்திருக்கும். ஒளிவட்டம் அதைவிடச் சுருங்கும்போது படம் மங்குகிறது, தலையை வைக்கும் இடமும் மிகத் துல்லியமாக இருக்க வேண்டியதாகிறது. கொஞ்சம் நகர்ந்தால் கறுப்பு நிழல் ஓரத்திலிருந்து ஏறிவரும். 1 மி.மீ.க்கும் கீழே போனால் உங்கள் கண்ணுக்குள் மிதக்கும் தூசிகூட இலக்கின் மேல் நீந்துவது தெரியும்.

எனவே 50 மடங்கு வேண்டும் என்கிறவர்கள் 50 மி.மீ.க்குக் குறைந்த முன்கண்ணாடியைப் பார்க்கவே வேண்டாம்.

பக்கத்து இலக்கைச் சுட்டுவிட்டேன். இதற்கும் மடங்குக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 60 மடங்கில் 1000 கெஜத்தில் தெரியும் அகலம் ஏறத்தாழ 5 மீட்டர்தான். 15 மடங்கில் கிட்டத்தட்ட 19 மீட்டர். பிஸ்லியில் வரிசையாக ஒரே மாதிரி இலக்குகள் நிற்கின்றன. ஒரு குண்டு சுட்டதும் ரைஃபிள் பின்வாங்கித் திரும்ப வந்து அமரும்போது, 60 மடங்கில் ஓர் இலக்கு மட்டும் கண்ணில் படும், அது உங்களுடையதா என்று தெரியாது. அடுத்தவர் இலக்கில் எவ்வளவு அழகாக வி-புல் அடித்தாலும் உங்களுக்குப் பூஜ்யம்.

ஒவ்வொரு குண்டுக்கு முன்பும் எண் பலகையைப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். எண் பலகை கண்ணில் படாத அளவுக்கு மடங்கை ஏற்றியிருந்தால், அது அதிகம்.

முதல் தளமா, இரண்டாம் தளமா?

ரெட்டிகிள், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு, ஸ்கோப்பின் உள்ளே எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. முதல் குவியத் தளத்தில் இருந்தால் மடங்கைக் கூட்டும்போது கோடும் தடிக்கும். கோட்டிலுள்ள அளவுக் குறிகள் எந்த மடங்கிலும் சரியாக இருக்கும். இரண்டாம் தளத்தில் இருந்தால் கோடு எப்போதும் ஒரே தடிமனில் தெரியும். ஆனால் அளவுக் குறிகள் ஒரே ஒரு மடங்கில்தான் சரி. 40-ல் குறிகளுக்கு இடையே 1 எம்.ஓ.ஏ. என்றால், 20-க்கு இறக்கியதும் அது 2 எம்.ஓ.ஏ. ஆகிவிடும். இதை மறந்து காற்றுக்குத் தள்ளிப் பிடித்துப் புள்ளி இழந்தவர்கள் ஏராளம்.

எஃப் கிளாஸுக்கு இரண்டாம் தளம்தான் என் தேர்வு. நமக்குத் தெரிந்த தூரம், அசையாத இலக்கு, மெல்லிய கோடு, நடுவில் எட்டில் ஒரு எம்.ஓ.ஏ. புள்ளி. தடித்த கோடு வி-புல்லை மறைத்துவிடும்.

இரும்புத் தகடு அடிக்கும் போட்டிக்கும் அதே ஸ்கோப் ஆகுமா?

பி.ஆர்.எஸ். வகைப் போட்டிகளைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது வேறு உலகம். குறைந்த நேரத்தில் பல தகடுகள், பல தூரங்கள், சுவரிலும் ஏணியிலும் சாய்ந்து சுட வேண்டும். தகட்டைத் தேடிப் பிடிக்கவும், குண்டு எங்கே விழுந்தது என்று நீங்களே பார்க்கவும் அகலமான பார்வை வேண்டும். அங்கே 25, 35 மடங்கு வரை போகிற ஸ்கோப்புகளை வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் 12-லிருந்து 18-க்குள்தான் சுடுகிறார்கள். முதல் தளம், மில் (எம்.ஓ.ஏ. போல இன்னொரு கோண அளவு) அளவுக் குறிகள். இரண்டு விளையாட்டுக்கும் ஒரே ஸ்கோப்தான் வாங்க முடியும் என்றால் 5 முதல் 25 அல்லது 7 முதல் 35 மடங்கு, 56 மி.மீ. கண்ணாடி வாங்குங்கள். எஃப் கிளாஸில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பீர்கள், அவ்வளவே.

மடங்கு மாறாத ஸ்கோப் எப்படி?

எடை குறைவு, உள்ளே நகரும் பாகங்கள் குறைவு, படம் தெளிவு. மார்ச் 48 மடங்கு, லியூபோல்டின் பழைய 45 மடங்கு போன்றவை பெஞ்ச்ரெஸ்ட்காரர்களுக்குப் பிரியமானவை. 8.25 கிலோ வரம்புக்குள் தவிக்கும் டி.ஆர். காரர்களுக்கு அந்த எடைக் குறைவு ஆசை காட்டும். ஆனால் கானல் ஏறிய மதியத்தில் இறங்க வழியில்லை. முதல் ஸ்கோப்பாக வேண்டாம்.

எனக்கு 58 வயது, கண்ணாடி அணிகிறேன். அதிக மடங்கு உதவுமா?

நீங்கள் நினைக்கும் அளவுக்கு உதவாது. முதலில் கண்ணருகே உள்ள வில்லையைச் சரியாகத் திருப்பி வையுங்கள். வெறும் வானத்தைப் பார்த்து ஸ்கோப்பில் ஒரு நொடி மட்டும் எட்டிப் பாருங்கள். அந்த முதல் நொடியிலேயே ரெட்டிகிள் கூர்மையாகத் தெரிய வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகச் சமாளித்து உங்களை ஏமாற்றிவிடும். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக் குறையை இந்த வில்லையே ஈடுகட்டும். சிதறல் பார்வை இருந்தால் அது போதாது, கண்ணாடியோடுதான் சுட வேண்டும். அப்போது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே தாராளமான இடைவெளி தரும் ஸ்கோப்பாகப் பாருங்கள்.

அடுத்தது பாரலாக்ஸ். பக்கவாட்டுக் குமிழைத் திருப்பி இலக்கைத் தெளிவாக்கியபின், ரைஃபிளைத் தொடாமல் தலையை மட்டும் மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ரெட்டிகிள் இலக்கின் மேல் நகர்ந்தால் இன்னும் சரியாகவில்லை. மடங்கு கூடக்கூட இந்தக் குமிழ் மிக நுணுக்கமாக வேலை கேட்கும். குமிழில் எழுதியிருக்கும் தூர எண்களை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள்.

மடங்கைத் தவிர வேறு எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

ஏற்ற இறக்கக் குமிழைத் திருப்பினால் குறி சொன்ன அளவுக்கு நகர்கிறதா என்பதை. 100 கெஜத்தில் குறி சரிசெய்த 308 ரைஃபிளை 1000 கெஜத்துக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 30 எம்.ஓ.ஏ. ஏற்ற வேண்டும். அதிக மடங்கு ஸ்கோப்புகள் சிலவற்றில் மொத்த ஏற்றமே 55, 60 எம்.ஓ.ஏ.தான். அதில் பாதி நடுப்புள்ளிக்குக் கீழே வீணாகிவிடும். அதனால்தான் ஸ்கோப்புக்கு அடியில் 20 எம்.ஓ.ஏ. சாய்வுள்ள அடிப்பட்டையை ரைஃபிளில் பொருத்துகிறோம். இதைக் கணக்குப் பார்க்காமல் வாங்கினால், அருமையான 55 மடங்கு ஸ்கோப் 900 கெஜத்தோடு நின்றுவிடும்.

சோதனை எளிது. உயரமான அட்டையில் நூல் பிடித்து நேர்கோடு வரையுங்கள். 100 கெஜத்தில் கீழே ஒரு புள்ளியைக் குறிவைத்துச் சுடுங்கள். பிறகு 30 எம்.ஓ.ஏ. ஏற்றி, அதே புள்ளியைக் குறிவைத்துச் சுடுங்கள். துளைகள் கோட்டின் மேலேயே 31.4 அங்குலம் உயரத்தில் விழ வேண்டும். திரும்ப இறக்கினால் முதல் இடத்துக்கே வர வேண்டும். அப்படியே மடங்கை 20-க்கும் 40-க்கும் மாற்றிச் சுட்டு, குண்டு விழும் இடம் நகர்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் எத்தனை மடங்கு ஸ்கோப் வைத்திருக்கிறார்கள்?

கடலூரில் பிறந்த இளவேனிலைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் தமிழ்நாட்டிலிருந்து பலர் இதைக் கேட்கிறார்கள். அவர் சுடுவது 10 மீட்டர் ஏர் ரைஃபிள். ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகள் எதிலும் துப்பாக்கியின் மேல் ஸ்கோப் வைக்க விதி அனுமதிப்பதில்லை. பின்துளையும் முன்வளையமும்தான். அந்தப் பயிற்சி உங்கள் ஊரில் கிடைத்தால் தவறவிடாதீர்கள். மூச்சு, விசை, உடல் அமைதி மூன்றும் அங்கே கற்றதுபோல வேறெங்கும் கற்க முடியாது. அதைக் கற்றுவிட்டு எஃப் கிளாஸுக்கு வந்தவர்களை முதல் நாளிலேயே அடையாளம் தெரியும்.

வாங்குவதற்கு முன் எப்படி முடிவு செய்வது?

கடையின் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுடுதளத்துக்கு வாருங்கள், வெயில் உள்ள நாளாகப் பார்த்து, மதியம் இரண்டு மணிக்கு. எஃப் கிளாஸ் சுடுகிற யாரிடமும் கேளுங்கள், "ஒரு நிமிடம் பார்த்துக்கொள்ளலாமா?" என்று. யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. மூன்று நான்கு பேர் ஸ்கோப்பில் பாருங்கள். ஒவ்வொன்றிலும் உச்சத்திலிருந்து இறக்கி, உங்கள் கண்ணுக்கு வட்டம் நிலைத்து நின்ற எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து அதையே திரும்பச் செய்யுங்கள். அந்த இரண்டு எண்களும் அடங்குகிற ஸ்கோப்பை, உங்களால் முடிந்த மிக நல்ல கண்ணாடியில் வாங்குங்கள். மீதிப் பணத்தைத் தோட்டாவுக்கு வையுங்கள்.